ஓப்பன்ஃபோம்: நானோ திரவக் கணக்குக்கு இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்தபிறகு

நானோ திரவம், அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகள்கள் கலந்த தண்ணீரோ எண்ணெயோ, ஓடும்போது வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை, லேப்டாப்பும் பழையது என்றால் யோசிக்காமல் ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாசம் அழவைக்கும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்காரி. எம்.இ. வெப்பப் பொறியியல் படித்தேன். களியக்காவிளை தாண்டி கேரளப் பக்கம் பாறசாலையில் சித்தி வீடு, சித்தி மகன் திருவனந்தபுரத்தில் எம்.டெக். படிக்கிறான். அவனுடைய ப்ராஜெக்ட், அலுமினா (அலுமினிய ஆக்சைடு) துகள் கலந்த தண்ணீர் ஒரு சூடான குழாய்க்குள் ஓடுவது. பஸ்ஸில் அரை மணிக்குள் வந்துவிடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான், மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்காருவோம். அப்படித்தான் எனக்கும் இது கைவந்தது.

அதற்கு முன்னால் அவன் ஒரு பயிற்சி மையத்தில் 3 நாள் வகுப்புக்கு 9,000 ரூபாய் கட்டியிருந்தான். பெயர் வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் ஒரு மென்பொருளைத் திறந்து, இந்தப் பட்டனை அழுத்து, இந்தப் பெட்டியில் இந்த எண்ணைப் போடு, வண்ணப் படம் வருகிறதா, ஸ்க்ரீன்ஷாட் எடு, முடிந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்து "எல்லாரும் இதைத்தான் போடுவார்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஷீட்டில் ஒரு பெரிய தப்பு இருந்தது, பின்னால் சொல்கிறேன். அதனால் ஏற்பட்ட கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஏனென்றால் அந்த ஷீட் அவனுக்கு மட்டும் கொடுத்ததாக இருக்காது.

சரி, ஓப்பன்ஃபோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980களின் கடைசியில் ஹென்றி வெல்லர் தொடங்கிய வேலை. 2004 டிசம்பரில், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தோடு வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து இலவசம், மாணவர் பதிப்பு, முழுப் பதிப்பு என்ற பேதம் கிடையாது, வலைக்கட்டங்கள் (கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்) இத்தனைக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடும் கிடையாது. உங்கள் லேப்டாப் தாங்கும் வரை போடலாம். உபுண்டுவில் நேராக ஓடும், விண்டோஸ் வைத்திருந்தால் அதற்குள்ளேயே லினக்ஸைத் திறக்கும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓடும். என்னுடையது நாலு கோர், 8 ஜிபி ராம். போதும்.

முதலில் திறந்ததும் பயப்படாதீர்கள். திறப்பதற்கு என்று ஜன்னலே கிடையாது. ஒரு ஃபோல்டர், அதற்குள் மூன்று ஃபோல்டர். "0" என்பதில் தொடக்க நிலையும் எல்லை நிபந்தனைகளும் (சுவரிலும் வாசலிலும் என்ன நடக்கிறது என்பது), "கான்ஸ்டன்ட்" என்பதில் திரவத்தின் குணங்களும் வலையும், "சிஸ்டம்" என்பதில் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்ற விவரம். எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு அரைப்புள்ளியை விட்டால் போதும், திரை நிறைய சிவப்புக் கண்ணோடு திட்டும். முதல் வாரம் முழுக்க நாங்கள் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான் தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தத் திட்டைப் பொறுமையாகக் கடைசி வரிவரை படித்தால் எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லியிருக்கும். பையன்கள் அதைப் படிக்காமல் டெர்மினலை மூடிவிட்டுத் திரும்ப ஓட்டுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொரு தலைவலி, இதற்கு இரண்டு முக்கியக் கிளைகள் உண்டு. ஒன்று 11, 12 என்று எண் போட்டு வரும், மற்றது ஆண்டையும் மாசத்தையும் சேர்த்து 2312, 2406 என்று வரும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் பாடத்தை மற்றதில் ஓட்டினால் நிற்கும். எண் போட்ட கிளையில் 2023இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து பழைய சால்வர்களில் (கணக்குப் போடும் நிரல்களில்) பெரும்பாலானவற்றின் பெயர்கள் போய் ஒரே கட்டளைக்குள் மாட்யூலாக வந்துவிட்டன. யூடியூபில் பார்க்கிற பாதிப் பாடம் பழைய முறையில்தான் இருக்கும். ஒரு கிளையைப் பிடித்தால் ப்ராஜெக்ட் முடியும்வரை அதிலேயே இருங்கள். தொடங்குகிறவர்களுக்கு இலவச மென்பொருளைப் பரப்பும் மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டத்தில் ஓப்பன்ஃபோமுக்கென்றே பாடங்கள் இருக்கின்றன, அதையும் மென்பொருளோடு வரும் உதாரண ஃபோல்டர்களையும் வைத்துத்தான் நாங்கள் ஏறினோம்.

இனி நானோ திரவம். 100 நானோமீட்டருக்கும் சின்னத் துகள்களைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ கலப்பது, உலோகமும் அதன் ஆக்சைடும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கலவையும் கூடுதலாகக் கடத்தும் என்ற எண்ணம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஸ்டீபன் சோய் 1995இல் வைத்த பெயர் இது. நம் பக்கத்திலும் பெரிய வேலை நடந்தது, சென்னை ஐஐடியின் சரித் குமார் தாஸ் உள்ளிட்டவர்கள் 2003இல், திரவம் சூடாகச் சூடாகக் கடத்துதிறன் கூடும் அளவும் மளமளவென்று ஏறுவதைக் காட்டினார்கள். கணக்குப் போடும்போது பெரும்பாலும் நாம் செய்வது என்னவென்றால், துகளையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பார்க்காமல், கலவையை ஒரே திரவமாக நினைத்து அதற்கு நாலு குணங்களைக் கொடுப்பது: அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்), கடத்துதிறன், பாகுநிலை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது). மொத்த விஷயமும் அந்த நாலு எண்ணில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கூட்டல் கழித்தல்.

அதனால்தான் எனக்கு ஓப்பன்ஃபோம் பிடித்தது. அந்த நாலு எண்ணையும் நீங்களே கையால் எழுத வேண்டும். எங்கேயும் மறைந்து கிடக்காது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 4 சதவீதம் அலுமினா, கன அளவில். தண்ணீரின் கடத்துதிறன் 0.613, அலுமினாவுக்கு 40 என்று வைத்தோம், மேக்ஸ்வெல் 1873இல் எழுதிய சூத்திரத்தில் போட்டால் கலவைக்கு 0.686 வரும், அதாவது 12 சதவீதம் கூடுதல். பாகுநிலைக்குப் பிரிங்க்மேன் 1952இல் கொடுத்த சூத்திரம், 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். எல்லாம் எழுதி ஓட்டிவிட்டு அவன் கூப்பிட்டான். "அக்கா, துகள் போட்ட பிறகு குழாயின் சுவர் தண்ணீரில் இருந்ததைவிடச் சூடாகுது. தலைகீழா இருக்கே?"

அன்றைக்கு ராத்திரி 11 மணிவரை தேடினோம். வலையை மாற்றினோம், எல்லை நிபந்தனையை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் குணங்கள் எழுதும் ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. நாங்கள் எடுத்த எளிய மாதிரியில் கடத்துதிறனை நேராகக் கேட்பதே இல்லை. பாகுநிலையையும் பிராண்டல் எண்ணையும்தான் (பாகுநிலையை ஏற்புத்திறனால் பெருக்கி, கடத்துதிறனால் வகுத்தால் வருவது) கேட்கும், அவற்றையும் வெப்ப ஏற்புத்திறனையும் வைத்து அதுவே கடத்துதிறனைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அவன் பாகுநிலையை மாற்றியிருந்தான், ஏற்புத்திறனை மாற்றியிருந்தான், பிராண்டல் எண்ணை மட்டும் தண்ணீருக்கான 6.07 என்றே விட்டிருந்தான். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். பாகுநிலை 0.000987 பெருக்கல் ஏற்புத்திறன் 3693, வகுத்தல் பிராண்டல் எண் 6.07. விடை 0.600. தண்ணீரைவிடவும் குறைவு! எங்கள் திரவத்துக்கு நாங்களே கடத்துதிறனைக் குறைத்துவிட்டு, அது வெப்பத்தைக் கடத்தவில்லை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். பிராண்டல் எண்ணை 5.31 என்று திருத்தியதும் சுவர் வெப்பநிலை இறங்கியது. அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, சித்திக்குப் போன் போட்டு பிராண்டல் எண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த எக்ஸெல் ஷீட். பிராண்டல் எண்ணைத் திருத்தும்போதுதான், ஏற்புத்திறன் 3693 என்று நான் போட்டுக் கொடுத்ததும் அவனுடைய பழைய ஷீட்டில் இருந்த 4042உம் ஏன் வேறுபடுகின்றன என்று பார்த்தேன். ஷீட்டில் தண்ணீரின் 4179ஐயும் அலுமினாவின் 765ஐயும் எடுத்து 96க்கு 4 என்று நேராகச் சராசரி போட்டிருக்கிறார்கள். அது கூடாது. 4 சதவீதம் என்பது கன அளவு, ஏற்புத்திறனோ ஒரு கிலோவுக்கு. அலுமினா தண்ணீரைப்போல் நாலு மடங்கு கனமானது, அடர்த்தி 3970. அடர்த்தியால் பெருக்கிச் சராசரி எடுத்து, பிறகு கலவையின் அடர்த்தி 1116ஆல் வகுக்க வேண்டும், அப்போதுதான் 3693 வரும். 4042 போட்டால் ஒரே நிறை ஓட்டத்துக்கு (நொடிக்கு இத்தனை கிலோ) வெளியே வரும் திரவத்தின் சூடு ஏறுவது நூற்றுக்கு எட்டு ஒன்பது குறைவாகத் தெரியும். நானோ திரவக் கட்டுரைகள் சண்டை போடுவதே பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குத்தான். அந்த இடத்தில் ஒன்பது சதவீதம் சும்மா தொலைந்துபோகிறது. 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார்கள்.

பட்டன் அழுத்தும் மென்பொருளில் இந்தத் தப்பு நடக்காது என்று சொல்லவில்லை, அங்கேயும் எண்ணை நாம்தான் போடுகிறோம். ஆனால் அங்கே அந்த எண் ஏழெட்டு ஜன்னலுக்கு உள்ளே ஒரு பெட்டியில் உட்கார்ந்திருக்கும், வேறொருவர் வந்து பார்த்துத் திருத்த வாய்ப்பு குறைவு. இங்கே ஒரே பக்கத்தில் பத்து வரி. பிரிண்ட் எடுத்துப் பேனாவால் அடித்துத் திருத்தலாம், நாங்கள் திருத்தியிருக்கிறோம்.

சரிபார்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இதை விட்டுவிட்டு நேராக நானோவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். முதலில் வெறும் தண்ணீரை ஓட்டுங்கள். சீரான வெப்பம் கொடுத்த குழாயில், கொந்தளிப்பில்லாத ஓட்டம் முழுதாக வளர்ந்தபிறகு (அதாவது மேற்கொண்டு போகப்போக மாறாத நிலைக்கு வந்தபிறகு) நுசெல்ட் எண், அதாவது ஓட்டத்தால் வெப்பம் எத்தனை மடங்கு நன்றாகக் கடத்தப்படுகிறது என்ற அளவு, 4.36 வர வேண்டும், இது புத்தகத்தில் இருக்கும் கணக்கு, மாற்றமில்லை. எங்களுக்கு 4.7க்கு மேல் வந்தது. வலையை இரண்டு மடங்கு நெருக்கினோம், அப்போதும் 4.7தான். காரணம் வலை இல்லை, குழாய். விட்டம் 5 மில்லிமீட்டர், ரெய்னால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகத்துக்கும் பாகுநிலையின் இழுப்புக்கும் உள்ள விகிதம்) 1000, நீளம் 1 மீட்டர். வேகம் வளர்ந்து முடிய கால் மீட்டர் போதும், ஆனால் வெப்பம் வளர்ந்து முடிய அதைப்போல் ஆறு மடங்கு, ஒன்றரை மீட்டர் வேண்டும். நாங்கள் அளந்த இடத்தில் வெப்ப அடுக்கு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. குழாயை 3 மீட்டர் ஆக்கினதும் 4.38. அதற்காக முழுக் குழாயையும் வரைய வேண்டாம், 5 டிகிரி அளவுக்கு ஒரு சின்ன ஆப்புத் துண்டு போதும், பலாச்சக்கையைக் கீறி ஒரு கீற்று எடுப்பதுபோல். வெறும் 32,000 கட்டம், சாயா போட்டுக் குடித்து முடிப்பதற்குள் ஓடி முடிந்துவிடும்.

இயற்கை வெப்பச்சலனம் (பம்ப் இல்லாமல் சூட்டினாலேயே நகரும் ஓட்டம்) செய்கிறவர்கள் சதுரப் பெட்டியில் டி வால் டேவிஸ் 1983இல் கொடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள், ரேலி எண் (சூட்டால் எழும் ஓட்டத்தின் வலிமை) ஒரு லட்சத்துக்கு நுசெல்ட் எண் 4.52 வர வேண்டும். வந்துவிட்டது என்றால் நிம்மதியாகத் துகளைப் போடலாம்.

இப்போது முக்கியமான ஒன்று. இப்படிக் கொந்தளிப்பில்லாமல் வளர்ந்த ஓட்டத்தில் நுசெல்ட் எண் எந்தத் திரவத்துக்கும் அதே 4.36தான், ஆகவே வெப்பம் கடத்தும் கெழு (சுவருக்கும் திரவத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்பது) கடத்துதிறன் ஏறும் அளவுக்கு மட்டும்தான் ஏறும். எங்கள் குழாயில் 535இலிருந்து 598. அதே 12 சதவீதம். அப்படியென்றால் சிமுலேஷன் புதிதாக என்ன சொன்னது? அந்த 12ஐ நாங்கள்தான் மேக்ஸ்வெல் சூத்திரம் வழியாக உள்ளே போட்டோம், அதுவே வெளியே வந்தது. பையன் ஏமாந்துபோனான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் வண்ணப் படம் போட்டு "வெப்பக் கடத்தல் 12 சதவீதம் கூடியது, சிமுலேஷன் நிரூபித்தது" என்று எழுதிவிடுகிறார்கள்.

பாகுநிலைச் சூத்திரத்தை மாற்றிப் பார்த்தபோதுதான் உண்மையான விஷயம் தெரிந்தது. பிரிங்க்மேன் துகள்களை உருண்டைகளாக நினைத்து எழுதியது, அளந்து பார்த்தால் அலுமினாத் தண்ணீர் அதைவிடக் கெட்டியாகத்தான் இருக்கிறது. அளவீடுகளிலிருந்து மைகா என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்த சூத்திரத்தைப் போட்டால் 4 சதவீதத்துக்குப் பாகுநிலை 49 சதவீதம் ஏறுகிறது. இப்போது "ஒரே ரெய்னால்ட்ஸ் எண்ணில்" ஒப்பிட்டால் என்ன ஆகும்? திரவம் கெட்டியானதால் அதே ரெய்னால்ட்ஸ் எண் வர 33 சதவீதம் வேகமாக ஓட்ட வேண்டும். பம்புக்குத் தேவைப்படும் திறன் தண்ணீருக்கு ஆவதைப்போல் 2.6 மடங்கு. 12 சதவீத வெப்பத்துக்காக 2.6 மடங்கு கரண்ட். கட்டுரைகளில் ஒரே ரெய்னால்ட்ஸ் எண்ணில் வரைந்த வரைபடத்தைப் பார்த்தால் இனி ஒரு நிமிஷம் நின்று, பம்ப் திறன் எங்கே என்று கேளுங்கள். பாக், சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இலேயே ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்து, ஒரே வேகத்தில் வைத்தால் 3 சதவீதக் கலவை தண்ணீரைவிட 12 சதவீதம் குறைவாகத்தான் கடத்துகிறது என்று எழுதிவிட்டார்கள். 2009இல் உலகம் முழுக்க 30க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளை அளந்து பார்த்ததில் கடத்துதிறனில் அதிசயம் எதுவும் இல்லை, மேக்ஸ்வெல் வழி வந்த பழைய கணக்கே கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று வந்தது. நான் நானோ திரவத்துக்கு எதிரி இல்லை. எந்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

துகளைத் தனியாகப் பின்தொடர வேண்டும் என்றால் எம்ஐடியின் புவோஞ்ஞோர்னோ 2006இல் கொடுத்த மாதிரி இருக்கிறது. துகள் தண்ணீரிலிருந்து நழுவ ஏழு காரணங்களை ஆராய்ந்து, பிரௌனியன் ஆட்டமும் (துகள் தாறுமாறாக அலைவது) சூட்டிலிருந்து குளிர்ச்சிப் பக்கம் நகர்வதும் மட்டும்தான் கணக்கில் எடுக்கத் தக்கவை என்று வைத்தார். இது ஓப்பன்ஃபோமில் தயாராகக் கிடைக்கவில்லை, ஆனால் சேர்த்துக்கொள்ளலாம். இங்கேதான் இந்த மென்பொருளின் அழகு. காகிதத்தில் சமன்பாட்டை எப்படி எழுதுவோமோ, காலத்தோடு மாறுவது, ஓட்டம் தூக்கிச் செல்வது, பரவுவது என்று, ஏறக்குறைய அதே வரிசையில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியிலும் எழுதலாம். நாங்கள் சேர்த்தது எட்டு வரிகூட இருக்காது. சிரமம் வேறு இடத்தில் வந்தது: 50 நானோமீட்டர் துகள் தண்ணீரில் பரவுவது, வெப்பம் பரவுவதைவிட ஏறத்தாழ 15 ஆயிரம் மடங்கு மெதுவாக. அதனால் சுவரை ஒட்டி செறிவு மாறும் அடுக்கு மிக மெல்லியது, அதைப் பிடிக்கச் சுவர்ப் பக்கம் கட்டங்களை நெருக்கிக்கொண்டே போக வேண்டும். கட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது, லேப்டாப்பின் அடியில் கை வைக்க முடியவில்லை, ராத்திரி ஓட்டிவிட்டுக் காலையில்தான் பார்ப்போம்.

ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். துலா மாசத்து மழையில் எங்கள் பக்கம் சாயங்காலம் இடி தொடங்கினால் கரண்ட் போகும், லேப்டாப் பேட்டரியும் ஒரு மணி நேரம்தான். இடையிடையே விடையைச் சேமிக்கச் சொல்லி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடங்கு என்ற வரியையும் சிஸ்டம் ஃபோல்டரில் எழுதி வைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போன ஐப்பசியில் ஒரே ராத்திரி மூன்று முறை நின்று மூன்று முறை தொடங்கி விடை வந்தது.

குறைகள் என்றால், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்குவது நிஜமாகவே கஷ்டம். வலை பின்னும் கருவி நேர்க்கோட்டுக் குழாய்க்கும் பெட்டிக்கும் சரி, கார் ரேடியேட்டர்போல் வளைவு நெளிவு வந்தால் பொறுமையைச் சோதிக்கும். படம் பார்க்கத் தனியாகப் பாராவியூ வேண்டும், நல்ல மென்பொருள், ஆனால் 8 ஜிபி ராமில் பெரிய வலையைத் திறந்தால் திணறும். உதவிக் குறிப்புகள் போதாது, பல நேரம் மென்பொருளின் நிரலையே திறந்து படித்தால்தான் ஒரு சொல் என்ன செய்கிறது என்று தெரியும். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் இதைத் தொடாதீர்கள். அதற்காக ரெடிமேடாக அறிக்கையும் வரைபடமும் விற்கும் கடைகளுக்கும் போகாதீர்கள், அவர்கள் கொடுத்த ஒரு அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன், அதிலும் ஏற்புத்திறன் 4042 என்றுதான் இருந்தது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது கிளைகளின் குழப்பத்துக்கு.

ஒரு நன்மையைச் சொல்ல விட்டுப்போச்சு. எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல் என்பதால், விடைகளை நீக்கிவிட்டுச் சுருக்கினால் முழுக் கேஸும் (ஒரு கணக்குக்கான ஃபோல்டர்) வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புவதைவிடக் குறைவான அளவுதான். பாறசாலையிலிருந்து அவன் அனுப்புவான், நான் இங்கே குழித்துறையில் ஒரு வரியைத் திருத்தித் திருப்பி அனுப்புவேன். எங்கள் குழாய்க் கேஸ், தண்ணீருக்கு ஒன்று, 4 சதவீத அலுமினாவுக்கு இரண்டு பாகுநிலையோடும் இரண்டு, ஆக மூன்று ஃபோல்டர் இருக்கிறது, 2312ஆம் பதிப்பில் ஓடும். வேண்டும் என்கிறவர்கள் கீழே கேளுங்கள், அனுப்புகிறேன். பிராண்டல் எண் எழுதிய வரிக்குப் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.